கண்ணாடி மங்கினா இரும்பு: தூத்துக்குடிக்கு வந்த 35 துப்பாக்கிகளும் ஒரு 'பேக்கப்' கேள்வியும்

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம்)

பிஜிஎம்ஐ, அதாவது பழைய பப்ஜி, விளையாடினவங்களுக்கு இது தெரிஞ்ச விஷயம். துப்பாக்கி கையில கிடைச்ச உடனே அதுல ஸ்கோப் இருக்காது. துப்பாக்கியோடவே வந்த ரெண்டு இரும்புத் துண்டு வழியாத்தான் குறி பாக்கணும். அப்புறம் ரெட் டாட் கிடைக்கும், ஃபோர் எக்ஸ் கிடைக்கும், அந்த இரும்பை அதோட மறந்துடுவோம். நிஜத்துல அப்படி மறக்கறது இல்லை. ரெட் டாட் மாட்டின ரைபிள்லயும் அந்த இரும்பைப் பக்கத்துலயே மடக்கி வெச்சிருப்பாங்க. இதுக்குப் பேரு பேக்கப் அயர்ன் சைட். ஏன் வெக்கிறாங்க, எப்படி மாட்டுறாங்க, மாட்டினா எது சரியாகும், எது சரியாகாது, இதுதான் இன்னிக்கு விஷயம்.

"இது அமெரிக்காக்காரங்க கவலை, நமக்கு எதுக்கு"ன்னு கேக்கலாம். 2013 அக்டோபர் 12-க்கு அப்புறம் தூத்துக்குடிக்காரங்க அப்படிக் கேக்க முடியாது.

அன்னிக்கு இந்தியக் கடலோரக் காவல்படையின் நாயகி தேவி கப்பல், 'சீமேன் கார்டு ஓஹையோ'ன்னு ஒரு கப்பலை மடக்கி, தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகத்துக்குக் கூட்டிட்டு வந்தது. கப்பலோட கொடி சியரா லியோன். சொந்தக்காரர் அட்வன்ஃபோர்ட்னு ஒரு அமெரிக்கத் தனியார் பாதுகாப்புக் கம்பெனி. உள்ள 10 மாலுமிகள், 25 ஆயுதக் காவலர்கள். பிரிட்டிஷ்காரங்க, எஸ்டோனியாக்காரங்க, உக்ரைன்காரங்க, இந்தியர்கள்னு கலவையான கூட்டம். கூடவே 35 துப்பாக்கிகள், 5,000-க்கும் மேல தோட்டாக்கள். அன்னிக்கு வந்த செய்திகளை இப்ப எடுத்துப் பாருங்க. ஒரு இடத்துல 'அசால்ட் ரைபிள்', இன்னொரு இடத்துல 'செமி-ஆட்டோமேட்டிக்'. ரெண்டும் ஒண்ணு இல்லை. செமி-ஆட்டோமேட்டிக்னா ட்ரிகரை ஒரு தடவை அழுத்தினா ஒரு குண்டு. அடுத்த குண்டு தானா அறைக்குள்ள வந்து உக்காந்துடும், ஆனா வெடிக்கணும்னா விரலை விட்டுட்டு மறுபடி அழுத்தணும். ஆட்டோமேட்டிக்னா அழுத்திப் பிடிச்சிட்டே இருந்தா போதும், போயிட்டே இருக்கும்.

தூத்துக்குடிப் பக்கம் இவங்களுக்கு என்ன வேலை? ஒரு கோடு. சோமாலியக் கடற்கொள்ளை உச்சத்துல இருந்த வருஷங்கள்ல, கப்பல் கம்பெனிகளும் இன்ஷூரன்ஸ்காரங்களும் இந்தியப் பெருங்கடலோட பெரிய பகுதியை 'ஹை ரிஸ்க் ஏரியா'ன்னு அறிவிச்சிருந்தாங்க. அதோட கிழக்கு எல்லை 78 டிகிரி தீர்க்கரேகை. தூத்துக்குடி இருக்கிறது ஏறக்குறைய 78.1 டிகிரியில. கோடு நம்ம வாசல்ல போகுது. மேற்கே போற கப்பல்ல காவலர்கள் ஏறணும், கிழக்கே வர்ற கப்பல்ல இருந்து இறங்கணும். துப்பாக்கியோட எந்த நாட்டுத் துறைமுகத்துக்குள்ள நுழைஞ்சாலும் சட்டச் சிக்கல். அதனால நடுக்கடல்லயே காவலர்களையும் துப்பாக்கிகளையும் வெச்சிருக்க ஒரு கப்பல். மிதக்கும் ஆயுதக் கிடங்கு. ஓஹையோ செஞ்ச வேலை ஏறக்குறைய அதுதான். இலங்கையில காலி துறைமுகத்துக்கு வெளியேயும் இதே தொழில் பெரிசா நடந்தது.

வழக்குக்குக் கடைசில வர்றேன். இப்போ அந்த மாதிரி ஒரு காவலர் கப்பல் மேல்தளத்துல ரைபிளோட நிக்கிறார்னு வெச்சுக்குங்க. அவர் குறி பாக்குறது எப்படி?

குறி பாக்குறதுன்னா என்னன்னு நம்ம கடற்கரைக்குப் புதுசா யாரும் சொல்லித்தர வேண்டாம். கன்னியாகுமரிப் பக்கத்து மீனவர்கள் 'கணியம்'னு ஒண்ணு சொல்வாங்க. கடலுக்கு அடியில இருக்கிற பாரை, அதாவது மீன் கூடுற பாறைத் திட்டை, மேல இருந்து பாத்தா தெரியாது. கரையில கிட்ட ஒண்ணு, தூரத்துல ஒண்ணுன்னு ரெண்டு அடையாளத்தை எடுத்துப்பாங்க. முன்னாடி ஒரு கோயில் கோபுரம், பின்னாடி ஒரு மலை. ரெண்டும் ஒண்ணுமேல ஒண்ணா நேரா தெரியுற வரைக்கும் படகை நகர்த்தணும். நேரா வந்துட்டா நீங்க ஒரு கோட்டு மேல இருக்கீங்க. வேற திசையில இன்னொரு ஜோடியைப் பிடிச்சா இன்னொரு கோடு. ரெண்டும் வெட்டுற இடத்துல பார். தூத்துக்குடி முத்துப் பார்களுக்குத் தொள்ளாயிரம் பார் மாதிரிப் பேர்கள் உண்டு. 1961-ல நடந்த கடைசி முத்துக்குளிப்பு வரைக்கும் அந்தப் பார்களைத் தேடிப் போனவங்க கையில ஜிபிஎஸ் கிடையாது.

துப்பாக்கியோட அயர்ன் சைட் அந்தக் கணியம்தான், கைக்குள்ள அடங்குற அளவுல. கண்ணுக்குப் பக்கத்துல ஒரு சின்ன ஓட்டை, அது ரியர் சைட். குழலோட முன்பக்கம் ஒரு சின்ன இரும்புக் கம்பம், அது ஃப்ரன்ட் சைட். என்சிசியில .22 ரைபிள் சுட்டவங்களுக்கு 'ஃபோர்சைட் டிப்'னு சொன்னா உடனே ஞாபகம் வரும். ஓட்டைக்கு நடுவுல கம்பத்தோட நுனி, நுனிக்கு மேல இலக்கு. இந்த மூணும் நேர்கோட்டுல வந்தா குழல் சரியான பக்கம் பாக்குதுன்னு அர்த்தம்.

கணியத்துல ரெண்டு அடையாளத்துக்கும் இடையே தூரம் கூடக்கூடத் துல்லியம் கூடும். கோபுரமும் மலையும் ரொம்பப் பக்கத்துப் பக்கத்துல இருந்தா, படகு நல்லா விலகிப் போனப்புறமும் நேரா இருக்கிற மாதிரியே தெரியும். துப்பாக்கியிலயும் அதே கணக்கு. ரெண்டு சைட்டுக்கும் இடையில 50 சென்டிமீட்டர்னு வைங்க. ஃப்ரன்ட் சைட் வெறும் 1 மில்லிமீட்டர் விலகித் தெரிஞ்சா, 100 மீட்டர்ல 20 சென்டிமீட்டர் தப்பும். 300 மீட்டர்ல 60 சென்டிமீட்டர். அதே விலகல், இடைவெளி பாதியா இருந்தா தப்பு ரெண்டு மடங்கு. சின்னத் துப்பாக்கியால தூரத்துல சுடுறது கஷ்டம்னு சொல்றதுல பெரும்பங்கு இந்தக் கணக்குதான்.

அப்புறம் ரெட் டாட் வந்தது. தத்துவம் எளிமை. ஒரு சின்ன எல்இடி, அதோட வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புற பூச்சு பூசின ஒரு கண்ணாடி. கண்ணாடி வழியா பாத்தா சிவப்புப் புள்ளி இலக்கு மேல மிதக்குற மாதிரி தெரியும். தலையைக் கொஞ்சம் அப்படி இப்படி நகர்த்தினாலும் புள்ளி பெரிசா ஏமாத்தாது. ரெண்டு கண்ணையும் திறந்தே வெச்சுக்கலாம். முக்கியமா, கண்ணு இலக்கை மட்டும் தெளிவா பாத்தா போதும். அயர்ன் சைட்ல அப்படி இல்லை. ஓட்டை, கம்பம், இலக்கு மூணும் மூணு தூரத்துல இருக்கு. மனுஷக் கண்ணால ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் கூர்மையா பாக்க முடியும். பயிற்சியில சொல்லித்தர்றது, 'கம்பத்தோட நுனியைப் பாரு'. அப்போ இலக்கு மங்கலாத்தான் தெரியும். இதை ஞாபகம் வெச்சுக்குங்க, திரும்ப வருவோம்.

ரெட் டாட் அவ்வளவு நல்லதுன்னா பேக்கப் எதுக்கு? எல்லாரும் முதல்ல சொல்ற காரணம் பேட்டரி. அது இப்போ அவ்வளவு பெரிய காரணம் இல்லை. ஒரு சின்ன பட்டன் பேட்டரியில 50,000 மணி நேரம் ஓடும்னு சொல்லி விக்கிற மாடல்கள் இருக்கு. கணக்குப் போட்டா அஞ்சு வருஷத்துக்கு மேல. பேட்டரியை மாத்த மறந்த ஆள் உண்டு, ஒத்துக்கறேன். ஆனா கடல்ல முதல் எதிரி வேற.

ஏசி பஸ்ல இருந்து தூத்துக்குடி புது பஸ் ஸ்டாண்டுல இறங்கின கண்ணாடிக்காரங்களைக் கேளுங்க. ரெண்டு நிமிஷம் உலகமே பனிமூட்டம். குளிர்ந்த கண்ணாடி மேல வெளிய இருக்கிற ஈரக்காத்து பட்டு நீராப் படியுது, அவ்வளவுதான். காவலர் ஏசி கேபின்ல இருந்து அலாரம் கேட்டு மேல்தளத்துக்கு ஓடுறார். அவர் கையில இருக்கிற ரெட் டாட்டுக்கும் அதே நிலைமை. நல்ல சைட்டுக்குள்ள நைட்ரஜன் அடைச்சு சீல் வெச்சிருப்பாங்க, அதனால உள்பக்கம் மங்காது. வெளிப்பக்கத்துக்கு யாரும் சீல் வெக்க முடியாது. அடுத்தது உப்புச் சாரல். தண்ணி காஞ்சா உப்பு அங்கேயே நிக்கும். சட்டைத் துணியால துடைச்சா அந்த உப்பே கண்ணாடிப் பூச்சைக் கீறும். திறந்த அமைப்பு உள்ள சில ரெட் டாட்கள்ல எல்இடி மேல ஒரு சொட்டுத் தண்ணி உக்காந்தா போதும், புள்ளி சிதறி நட்சத்திரமா ஆயிடும்.

வெப்பமும் விளையாடும். 2015-ல அமெரிக்காவுல ஈஓடெக் ஹோலோகிராஃபிக் சைட் தயாரிச்ச எல்-3 கம்பெனி, அரசாங்கத்தோட 25.6 மில்லியன் டாலருக்குச் சமரசம் செஞ்சுகிட்டது. புகாரோட சாரம், அதிகச் சூட்டுலயும் குளிர்லயும் குறி நகருது, அது தெரிஞ்சும் சொல்லலைங்கறது. கண்ணாடியும் எலக்ட்ரானிக்ஸும் சேர்ந்த எதுவும் ஒரு நாள் கை விடும். இரும்புக்கு விடுறதுக்கு அதிகமா ஒண்ணும் இல்லை.

அதிகமா இல்லைன்னுதான் சொல்றேன், இல்லவே இல்லைன்னு இல்லை. மழையில ரியர் சைட்டோட சின்ன ஓட்டையில தண்ணிப் படலம் கட்டிக்கும். ஊதி விடணும். மடக்குற சைட்டா இருந்தா அதோட ஸ்பிரிங்கும் பூட்டும் துருப்பிடிக்கும். அலுமினிய ரயில்ல எஃகு ஸ்க்ரூ போட்டு உப்புக்காத்துல விட்டா என்ன ஆகும்னு நம்ம ஊர் ஃபைபர் போட் மெக்கானிக் யாரைக் கேட்டாலும் சொல்வாங்க. ரெண்டு வேற உலோகம், நடுவுல உப்புத்தண்ணி. அலுமினியம் வெள்ளையாப் பூத்துப் பொடிப்பொடியா உதிரும், ஸ்க்ரூ பிடிச்சுக்கும், கழட்டப் போனா தலை முறியும்.

சரி, மாட்டுறது. நம்ம நாட்டுல இது நீங்களும் நானும் செய்யப்போற வேலை இல்லை. நம்ம ஆயுத விதிகள்ல செமி-ஆட்டோமேட்டிக் ரைபிள் பொதுமக்களுக்குத் தடை செஞ்ச வகையில வருது. லைசென்ஸ் இருக்கிறவங்களுக்கும் சாதாரணமா கிடைக்காது. ஆனா எப்படி மாட்டுறாங்கன்னு புரிஞ்சா, அந்தக் கருவி எதை நம்பி நிக்குதுன்னு புரியும்.

இப்போ வர்ற ரைபிள்கள் மேல பல்லுப் பல்லா ஒரு தண்டவாளம் ஓடும். பிக்காட்டினி ரயில். நியூ ஜெர்சியில இருக்கிற பிக்காட்டினி ஆயுதக் கிடங்கோட பேரு. 1995-ல அமெரிக்க ராணுவத் தரமா வந்தது. ஒரு பல்லுல இருந்து அடுத்த பல்லுக்கு 10 மில்லிமீட்டர் சொச்சம். எந்தக் கம்பெனி சைட்டா இருந்தாலும் எந்தக் கம்பெனி ரயில்லயும் உக்காரும். லெகோ மாதிரி.

ரியர் சைட்டை ரயிலோட பின் கோடியில, கண்ணுக்கு எவ்வளவு கிட்ட முடியுமோ அங்க வெப்பாங்க. ஃப்ரன்ட் சைட்டை எவ்வளவு முன்னாடி முடியுமோ அங்க. கணியக் கணக்குதான், இடைவெளி கூடக்கூட நல்லது. ஆனா இங்க ஒரு சிக்கல். முன்னாடி இருக்கிறது கையால பிடிக்கிற ஹேண்ட்கார்டு. அது குழலோட உறுதியாக் கட்டப்படாத வகையா இருந்தா, பிடிக்கிற அழுத்தத்துல லேசா வளையும். கோபுரம் காத்துல ஆடினா கணியம் என்னாகும்? அதனால ஆடாத இடம் கிடைக்கிற வரைக்கும்தான் முன்னாடி போகணும். பின் ரயிலும் முன் ரயிலும் ஒரே உயரமான்னும் பாக்கணும். சில துப்பாக்கிகள்ல முன்னாடி கேஸ் பிளாக் மேல இருக்கிற ரயில் கொஞ்சம் தாழ்வா இருக்கும். அதுக்கு உயரம் கூடின தனி ஃப்ரன்ட் சைட் வேணும். பிளாஸ்டிக்ல வர்ற லேசான சைட்டுகளைக் கேஸ் பிளாக் மேல மாட்டவே கூடாது, அந்த இடம் சுட்டுட்டே இருந்தா கொதிக்கும்.

ஸ்க்ரூவை முறுக்குறதுக்கு முன்னாடி சைட்டைப் பல்லோட முன் சுவர்ல அண்டக் குடுத்து, அப்புறம் முறுக்குவாங்க. சுடும்போது வர்ற உதறல்ல அது நகர இடம் விடக்கூடாது. முறுக்கின பிறகு ஸ்க்ரூ தலையில இருந்து சைட் வரைக்கும் பெயின்ட்ல ஒரு சின்னக் கோடு. நாளைக்கு அந்தக் கோடு உடைஞ்சு தெரிஞ்சா ஸ்க்ரூ தளர்ந்திருக்கு. லாரி வீல் நட்டுல பாத்திருப்பீங்க, அதே ஐடியா.

ரெட் டாட்டோட இது எப்படிச் சேரும்? மூணு வழி. ஒண்ணு, ரெட் டாட் கண்ணாடி வழியாவே இரும்பும் தெரியுற மாதிரி, புள்ளியும் கம்ப நுனியும் ஒரே உயரத்துல. ரெண்டு, இரும்பு கண்ணாடியோட கீழ் மூணுல ஒரு பங்குல தெரியுற மாதிரி, அதாவது புள்ளிக்கு மேல வழி காலியா இருக்கும். எனக்கு இது புத்திசாலித்தனமாத் தெரியுது, அன்றாடம் இரும்பு கண்ணுக்கு இடைஞ்சல் பண்ணாது. மூணாவது, ஸ்கோப் மாட்டின துப்பாக்கிக்கு. ஸ்கோப் மேல் வழியை மொத்தமா அடைச்சிடும், அதனால இரும்பை 45 டிகிரி சாய்ச்சுப் பக்கவாட்டுல வெச்சு, துப்பாக்கியைச் சாய்ச்சுப் பாப்பாங்க. பிஜிஎம்ஐல 'கேன்டட் சைட்'னு வருதே, அந்தச் சாய்வுதான்.

முதல் ரெண்டு வழியில, கண்ணாடி மொத்தமா மங்கிட்டா அது வழியா இரும்பும் தெரியாது. பேக்கப்னு பேரு, ஆனா மங்கின ஜன்னலுக்குப் பின்னாடி நிக்குது. அதனால ரெட் டாட்டை ஒரு நெம்புகோலைத் தட்டினா கழட்டிப் போடுற மாதிரி மாட்டியிருக்கணும். இதை யோசிக்காம வெறும் இரும்பை மட்டும் வாங்கி மாட்டினா அலங்காரம்தான்.

மாட்டினா வேலை முடியலை, பாதிதான். குண்டு போற இடமும் சைட் காட்டுற இடமும் ஒண்ணாகணும். இதை ஸீரோ பண்றதுன்னு சொல்வாங்க. ரெட் டாட்டை அணைச்சிட்டு, இரும்பை மட்டும் வெச்சு 25 மீட்டர்ல சில குண்டுகள். குண்டு இடது பக்கம் போகுதா, ரியர் சைட்டை வலது பக்கம் நகர்த்தணும். ரியர் சைட்டுக்கு விதி, குண்டு எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கம். ஃப்ரன்ட் சைட்டுக்கு நேர் எதிர். குண்டு கீழ போகுதுன்னா கம்பத்தை இன்னும் கீழ இறக்கணும். இறக்கினா அதே நேர்கோட்டைப் பிடிக்கக் குழல் தன்னால மேல தூக்கும். முதல்ல கேக்கும்போது தலைகீழாத்தான் தோணும். ஒரு பேனாவைத் துப்பாக்கி மாதிரிப் பிடிச்சுக் கண்ணுக்கு நேரா வெச்சுப் பாத்தா புரிஞ்சிடும்.

25 மீட்டர் ஏன்? சைட் குழலுக்கு மேல ஆறு, ஏழு சென்டிமீட்டர் உயரத்துல இருக்கு. குழல் லேசா மேல் நோக்கி இருக்கும். குண்டு பார்வைக் கோட்டைக் கீழ இருந்து மேல ஒரு தடவை வெட்டும், அப்புறம் விழும்போது இன்னொரு தடவை. அமெரிக்க எம்16 ஏ2 மாதிரி ரைபிளுக்கு முதல் வெட்டு 25 மீட்டர், ரெண்டாவது வெட்டு 300 மீட்டர்னு வரும். 25-ல சரி பண்ணினா 300-லயும் ஏறக்குறைய சரி. ஆனா ஒருத்தர் சரி பண்ணின சைட் இன்னொருத்தருக்கு அப்படியே பொருந்தும்னு இல்லை. கன்னத்தை வெக்கிற இடம், கண்ணு, பிடி எல்லாம் மாறும். யார் கைக்கு எந்தத் துப்பாக்கி வரும்னு நிச்சயம் இல்லாத, தரையே ஆடிக்கிட்டிருக்கிற ஒரு மிதக்கும் கிடங்குல இந்த வேலையை எவ்வளவு ஒழுங்காச் செய்ய முடியும்? எனக்குச் சந்தேகம்தான்.

தூத்துக்குடியும் செமி-ஆட்டோமேட்டிக் ரைபிளும்னு சொன்னதும் உங்க மனசுல ஓஹையோ வந்திருக்காது. 2018 மே 22 வந்திருக்கும். ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்துல போலீஸ் துப்பாக்கிச்சூட்டுல 13 பேர் செத்துப்போனாங்க. வேன் மேல ஏறி நின்னு ஒருத்தர் ரைபிளால குறி பாக்குற வீடியோவை மறந்தவங்க இருக்க மாட்டாங்க. நம்ம போலீஸ் வெச்சிருக்கிற எஸ்எல்ஆர், பேருலயே 'செல்ஃப் லோடிங்', செமி-ஆட்டோமேட்டிக். இரும்பு சைட்தான் அதுல. ஆனா அந்த நாளைக் கருவியோட கதையாச் சொல்றது நியாயம் இல்லை. அது யார் சுடச் சொன்னாங்க, ஏன் சொன்னாங்கங்கற கதை. அருணா ஜெகதீசன் ஆணையத்தோட அறிக்கையை வெச்சுத் தனியாப் பேசவேண்டிய விஷயம். இங்க அவசரமாக் கடந்துபோக எனக்கு மனசில்லை, அதனால இதோட நிறுத்திக்கறேன்.

கடலுக்குத் திரும்புவோம். கம்பத்தோட நுனியைப் பாத்தா இலக்கு மங்கும்னு சொன்னேனே. இன்னொரு கணக்கும் இருக்கு. ஏஆர்-15 வகையில ஃப்ரன்ட் சைட் கம்பத்தோட அகலம் சுமார் 1.8 மில்லிமீட்டர். கண்ணுல இருந்து அது 70 சென்டிமீட்டர் தள்ளி இருக்குன்னு வைங்க. 300 மீட்டர் தூரத்துல அந்தக் கம்பம் முக்கால் மீட்டருக்கு மேல அகலத்தை மறைக்கும். ஒரு ஆளோட தோள் அகலம் அரை மீட்டர். அதாவது 300 மீட்டர்ல படகுல நிக்கிற ஒரு ஆள் மொத்தமா கம்பத்துக்குப் பின்னாடி போயிடுவார். அவர் கையில இருக்கிறது துடுப்பா, ஏகே-47ஆ? வலையை இழுக்குறாரா, ஏணியைத் தூக்குறாரா? இரும்பு வழியாப் பாத்தா தெரியாது. ரெட் டாட்ல உருப்பெருக்கம் இல்லைன்னாலும் அந்த ஆளாவது தெளிவாத் தெரிவார்.

யோசிச்சுப் பாருங்க. பேக்கப் எப்போ தேவைப்படுது? பனி, சாரல், கண்ணாடி மங்கல், அவசரம். ஏற்கெனவே சரியாத் தெரியாத நேரத்துல, இன்னும் கம்மியாக் காட்டுற கருவிக்கு மாறுறோம். குண்டு எங்க போகும்ங்கறதை அயர்ன் சைட் திருப்பிக் குடுக்கும். எதிர்ல இருக்கிறது யாருங்கறதைக் குடுக்காது. அதுக்குப் பைனாகுலர் இருக்கு, ரேடியோ இருக்கு, காத்திருக்கிறது இருக்கு. பொறுப்பான காவல் கம்பெனிகளோட நடைமுறையில சுடுறது கடைசிப் படி. முன்னாடி எச்சரிக்கை, வெளிச்சம், சத்தம்னு படிப்படியா வரணும்.

நம்ம மீனவர்களுக்கு இது ஏட்டுக் கணக்கு இல்லை. ராத்திரி வலையோ தூண்டில் கயிறோ மைல் கணக்குல விரிச்சுப் போட்டுக் காத்திருப்பாங்க. ஒரு பெரிய கப்பல் நேரா அதை நோக்கி வந்தா என்ன செய்வாங்க? கப்பலைப் பாத்து வேகமாப் போவாங்க, டார்ச் அடிப்பாங்க, கத்துவாங்க, விலகிப்போன்னு கையைக் காட்டுவாங்க. மேல 20 மீட்டர் உயரத்துல நிக்கிறவருக்கு அது எப்படித் தெரியும்? ஒரு சின்னப் படகு, அஞ்சாறு பேர், வேகமா நம்மளை நோக்கி வர்றாங்க. கொள்ளைக்காரங்க வர்றதும் அச்சு அசல் அப்படித்தான்.

2012 பிப்ரவரி 15. கேரளக் கடல்ல 'என்ரிக்கா லெக்ஸி' எண்ணெய்க் கப்பல்ல காவலுக்கு இருந்த இத்தாலியக் கடற்படையினர் சுட்டதுல 'செயின்ட் ஆன்டனி' படகுல ரெண்டு மீனவர்கள் செத்தாங்க. ஒருத்தர் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். கொள்ளைக்காரங்கன்னு நினைச்சோம்னு சொன்னாங்க. அதே வருஷம் ஜூலை 16, துபாய் பக்கத்துல அமெரிக்கக் கடற்படையோட 'ரப்பஹானக்' கப்பல்ல இருந்து ஒரு மீன்பிடிப் படகைச் சுட்டாங்க. செத்தவர் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர். அங்க துப்பாக்கி ரைபிள்கூட இல்லை, கனரக மெஷின்கன். ரெண்டு இடத்துலயும் குறி தப்பலை. ஆள்தான் தப்பு. என்ரிக்கா லெக்ஸி வழக்கு சர்வதேசத் தீர்ப்பாயம் வரைக்கும் போய், 10 கோடி ரூபாய் இழப்பீட்டோட 2021-ல உச்ச நீதிமன்றத்துல முடிஞ்சது. இத்தாலியர்கள் மேல இங்க விசாரணை நடக்கவே இல்லை.

அதுக்கு அடுத்த வருஷம்தான் ஓஹையோ தூத்துக்குடிக்கு வந்தது. கடலோரக் காவல்படையும் கியூ பிராஞ்சும் ஏன் அவ்வளவு கறாரா இருந்தாங்கன்னு புரிஞ்சுக்க இந்த வரிசை உதவும். 2014-ல உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஆயுதச் சட்டக் குற்றச்சாட்டை ரத்து செஞ்சது. 2015 ஜூலையில உச்ச நீதிமன்றம் அதை மாத்தி, விசாரணையை நடத்தி முடிக்கச் சொன்னது. 2016 ஜனவரி 11-ல தூத்துக்குடி நீதிமன்றம் 35 பேருக்கும் அஞ்சு வருஷக் கடுங்காவல். 2017 நவம்பர் 27-ல மதுரைக் கிளை எல்லாரையும் விடுதலை செஞ்சது. பிரிட்டனுக்குத் திரும்பிப்போன ஆறு பேரை அங்க 'சென்னை சிக்ஸ்'னு சொல்வாங்க. தூத்துக்குடி சிக்ஸ்னு சொல்லியிருக்கலாம், நம்ம ஊருக்கு அந்தப் பேரு கிடைக்கலை.

இதுக்கு நடுவுல அந்தக் கோடு நகர்ந்துடுச்சு. 2015 டிசம்பர்ல ஹை ரிஸ்க் ஏரியாவோட கிழக்கு எல்லையை 78-ல இருந்து 65 டிகிரிக்குத் தள்ளினாங்க. இந்தியாவோட மேற்குக் கரை மொத்தமும் அதுக்கு வெளிய வந்தது. 2023 ஜனவரி 1-ல அந்த ஏரியாவையே எடுத்துட்டாங்க. அதே வருஷம் டிசம்பர்ல சோமாலியக் கொள்ளையர்கள் 'ருவென்' கப்பலைக் கடத்தினாங்க. 2024 மார்ச்ல இந்தியக் கடற்படை மீட்டது. 17 மாலுமிகள் உயிரோட வந்தாங்க, 35 கொள்ளையர்கள் பிடிபட்டாங்க. கொள்ளை திரும்பினா ஆயுதக் காவலர்களுக்கும் கிராக்கி திரும்பும்.

அடுத்த எபிசோட்ல மிதக்கும் ஆயுதக் கிடங்குகள் எந்தச் சட்டத்துக்குக் கட்டுப்படுதுன்னு பேசலாம். தூத்துக்குடியில இருந்தோ குமரியில இருந்தோ ஆழ்கடலுக்குப் போற வீட்டுக்காரங்க யாராவது கேட்டுக்கிட்டிருந்தா, கப்பல் வலை மேல வந்தப்போ என்ன செஞ்சாங்கன்னு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க.